படிச்சவங்க "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொல்றாங்களா? குட்டி காமெடி நாடகத்துல கோளாறு எங்கன்னு அறிகுறி வாரியா பாப்போம்

எதப் பத்தி பேசுறோம்னு முதல்லயே சொல்லிடறேன். பொன்னியின் செல்வன் ஆளுங்கள எடுத்து வச்சு ரசிகர்கள் எழுதுற குட்டி காமெடி நாடகம், மிஞ்சிப்போனா 25 வரி டயலாக், படிக்க ரெண்டு நிமிஷம் நடிச்சா மூணு நிமிஷம். கல்கி 1950லேந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதுன தொடர்கதை, ஆனா எங்க கும்பகோணம் பக்கம் அத கதைன்னே ஒத்துக்க மாட்டாங்க, ஏதோ பக்கத்து தெரு குடும்ப விவகாரம் மாதிரி குடந்தை ஜோசியர் வீடு எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு டீக்கடைல சண்டை போடுவாங்க. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எழுதிக் குடுத்து கருத்து கேட்டு நான் பட்ட பாட்டுலேந்து எழுதுறதுதான் இது.

எங்க மாமா ஒருத்தரு கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்குறவரு. பந்தி நடக்கும்போது யார்கிட்டயும் போயி சாப்பாடு எப்படி இருக்குன்னு கேக்கவே மாட்டாரு. இலைய மட்டும் பாத்துக்கிட்டே நடப்பாரு, எதுல கை வச்சுட்டு விட்டாங்க, எத ரெண்டாந்தரம் கேட்டாங்க, எவரு ரசம் வர்றதுக்குள்ள மோருக்கு போயிட்டாரு. "வாய் நல்லாருக்குன்னுதான்டா சொல்லும், இலைய பாரு"ன்னுவாரு. நாடகத்துக்கும் அதேதான். படிச்சவரு சொல்றது ஒண்ணு, படிக்கும்போது அவரு செஞ்சது வேற ஒண்ணு, ரெண்டாவததான் நம்பணும்.

அறிகுறிக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிருங்க. கதைய கரைச்சு குடிச்ச ஒருத்தர், கதையே தெரியாத ஒருத்தர், ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா குடுங்க. தெரிஞ்சவர் சிரிச்சு தெரியாதவர் முழிச்சா நீங்க குடும்ப ஜோக்கு எழுதிருக்கீங்க, உள்ள இருக்குறவனுக்கு மட்டும்தான் அது விளங்கும். தெரியாதவர் சிரிச்சு தெரிஞ்சவர் மூஞ்ச சுளிச்சா பாத்திரத்துல கோளாறு. ரெண்டு பேரும் சிரிக்கலன்னா கீழ வாங்க, மொதல்லேந்து பாப்போம். ரெண்டு பேரும் சிரிச்சுட்டா இதப் படிக்கவே வேணாம், போயி அடுத்தத எழுதுங்க.

"நல்லாருக்கு தம்பி"

இதான் இருக்குறதுலயே மோசமான அறிகுறி, ஏன்னா பாக்க நல்ல சேதி மாதிரியே இருக்கும். எங்க ஊர்ல மூஞ்சிக்கு நேரா யாரும் மொக்கைன்னு சொல்ல மாட்டாங்க. "நல்லாருக்கு, காப்பி சாப்புடுறியா"ன்னு ஒரே மூச்சுல வந்துச்சுன்னா ஃபெயிலு. "நல்லாருக்கு, ஆனா உனக்கு வேலை வெட்டியெல்லாம் எப்படி போவுது"ன்னா பெரிய ஃபெயிலு.

இங்க என்ன பண்ணணும்னா, எப்படி இருந்துச்சுன்னு திரும்ப கேக்காதீங்க, அதுக்கு திரும்பவும் நல்லாருக்குதான் வரும். "கதை என்ன, எனக்கு சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவரு திருப்பி சொல்லும்போது எந்த வரிய அப்படியே சொல்றாரோ அது வேலை செய்யுது, எத தாண்டிப் போறாரோ அது வெத்து, எங்க "அப்புறம் என்னமோ ஆவும்ல"ன்னு கைய ஆட்டுறாரோ அங்கதான் கோளாறு. எங்க அத்தை ஒரு தடவ நான் எழுதுன 22 வரில 3 வரிய மட்டும் வச்சு முழு கதையயும் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து அந்த 19 வரியயும் பாத்தேன், அதுல 11 வரி நான் கதை எவ்வளவு ஆழமா படிச்சிருக்கேன்னு காட்டுறதுக்காக எழுதுனது. அழிச்சேன். வயிறு எரிஞ்சுச்சு, ஆனா அழிச்சேன்.

"சிரிப்பு வரல"

நேரா சொல்லிட்டாரு, அவருக்கு கோயில் கட்டலாம். இதுக்கு காரணம் நாலஞ்சு இருக்கு, ஆனா பத்துல ஏழு தடவ ஒரே காரணம்தான், சிரிக்க வேண்டிய வார்த்தை வரியோட நடுவுல புதைஞ்சு கெடக்கும். தமிழ்ல வினைச்சொல் கடைசில வரும்ல, இலக்கணப்படி ஒழுங்கா எழுதுனா ஜோக்கு நடுவுல வெடிச்சிரும், அதுக்கப்புறம் "என்று நினைக்கிறேன்", "போயிருக்க வேண்டும்"னு வால் தொங்கும், வாசகர் அந்த வால படிச்சு முடிக்கும்போது சிரிப்பு ஆறிப் போயிருக்கும்.

நான் முதல்ல எழுதுனது இது. பழையாறைல சோழ இளவரசி குந்தவை, தூதுவனா வந்த வந்தியத்தேவன் கொண்டு வந்த ஓலைய கேக்குறாங்க.

வந்தியத்தேவன்: நீங்க கேக்குற அந்த ஓலைய என் குதிரை புல்லுன்னு நினைச்சு தின்னுட்டதால இப்ப என்கிட்ட இல்லைன்னு சொல்லிக்க வருத்தப்படுறேன் தேவி.

ஒருத்தரும் சிரிக்கல. குதிரை தின்ன சேதிய நானே முன்னாடி போட்டு ஒடச்சுட்டேன், பின்னாடி வருத்தம் வேற. மாத்துனது:

குந்தவை: ஓலை எங்கே?
வந்தியத்தேவன்: வீரநாராயண ஏரிலேந்து இங்க வரைக்கும் குதிரைக்கு புல்லே கெடைக்கல தேவி.
குந்தவை: ஓலை எங்கே?
வந்தியத்தேவன்: அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது தேவி.

தின்னுச்சுங்குற வார்த்தையே இல்ல இப்ப. வாசகர் அவரே கண்டுபுடிக்கிறாரு, கண்டுபுடிச்ச சந்தோஷத்துல சிரிக்கிறாரு. இன்னொன்னும் கவனிங்க, குந்தவை செந்தமிழ்ல ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்குது, அவன் பேச்சுத்தமிழ்ல வழுக்கிக்கிட்டே போறான். எல்லாரையும் செந்தமிழ்ல பேச விட்டாலும் சிரிப்பு வராது, எல்லாரையும் டீக்கடைத் தமிழ்ல பேச விட்டாலும் வராது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதணும்.

இதையெல்லாம் சரி பண்ணியும் வரலன்னா அடைப்புக்குறிக்குள்ள எழுதுறத பாருங்க. "(ஆச்சரியத்துடன் புருவத்தை உயர்த்தி, சற்றே தயங்கி, பின் சிரித்தபடி)"ன்னு ஒருத்தரு எழுதிருந்தாரு, அதுக்கப்புறம் டயலாக் "ஆமா". அந்த ஒரு ஆமாவுக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமா வாசகரு? டயலாக்குலயே தயக்கம் இருந்தா குறிப்பு வேணாம், இல்லன்னா குறிப்பு போட்டும் வராது.

"யாரு பேசுறாங்கன்னே தெரியல"

ஆளுங்கள எண்ணுங்க. 25 வரில நாலு பேருன்னா அது நாடகம் இல்ல, ஷேர் ஆட்டோ. ரெண்டு பேரு, மூணாவது ஆளு ஒரு தடவ வந்து குழப்பிட்டு போவலாம், அவ்வளவுதான். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர்னு முழுப் பேரையும் வரிக்கு வரி போட்டா போன்ல பாதி ஸ்க்ரீன் பேருக்கே போயிரும், பெரியவரு சின்னவருன்னு போடுங்க, யாருக்கும் குழப்பம் வராது.

மெலட்டூர்ல பாகவத மேளா பாத்திருந்தீங்கன்னா தெரியும், முதல்ல கோணங்கிங்குற கோமாளிதான் ஆடிக்கிட்டே வருவான். கதைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது, ஆனா அவன் வந்து போற நேரத்துல பேசிக்கிட்டு இருந்த கூட்டம் அடங்கி உக்காந்துரும். நம்ம நாடகத்துல கோணங்கிக்கெல்லாம் இடமில்ல, இருக்குறது 25 வரி, அதனால முதல் வரியே அந்த வேலைய செய்யணும், யாரு, எங்க, என்ன வேணும். "வாரும் வல்லத்து இளவரசே, காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலர் தந்த ஓலையோடு வெகு தூரம் குதிரையில் வந்து களைத்திருப்பீர்"னு ஆரம்பிக்காதீங்க. கதை தெரிஞ்சவருக்கு இது தெரிஞ்ச சேதி, தெரியாதவருக்கு தேவையில்லாத சேதி. நான் குடந்தை ஜோசியர் வீட்டு வாசல்ல சிஷ்யன வச்சு இப்படி ஆரம்பிச்சேன்:

சிஷ்யன்: டோக்கன்?
வந்தியத்தேவன்: அவசரம்யா.
சிஷ்யன்: அவசரத்துக்கு தனி டோக்கன். அது நேத்தே தீந்துருச்சு.

இதுல அவன் வல்லவரையனா வாடகை கார் டிரைவரான்னு தெரிய வேண்டிய அவசியமே இல்ல, உள்ள போவணும், போவ முடியல, நாடகம் ஓட ஆரம்பிச்சுருச்சு.

"நம்ம நம்பி இப்படியெல்லாம் பேச மாட்டான்"

பாத்திரக் கோளாறு. இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு, பேருங்கள கையால மூடிக்கிட்டு டயலாக்க மட்டும் படிங்க. எது யாருதுன்னு தெரியலன்னா நீங்க ஆழ்வார்க்கடியான் நம்பிய எழுதல, யாரோ ரெண்டு காலேஜ் பசங்க பேசிக்கிறத எழுதிட்டு ஒருத்தனுக்கு முன்குடுமியும் தடியும் மாட்டி விட்டுருக்கீங்க. ஆழ்வார்க்கடியான்னா எந்த விஷயத்த எடுத்தாலும் அது பெருமாளா சிவனாங்குற வாதத்துலதான் போயி நிக்கணும், அந்த வாதத்துக்கு கீழ அவன் வேற எதையோ ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கணும், ஒற்றன்ல.

கும்பகோணம் டவுன் பஸ்ல அவன ஏத்தி விட்டேன்.

கண்டக்டர்: கும்பேஸ்வரன் கோயில், சாரங்கபாணி கோயில் எறங்குறவங்க முன்னாடி வாங்க.
நம்பி: கும்பேஸ்வரன ஏன்யா முதல்ல சொன்ன?
கண்டக்டர்: பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது சாமி.
நம்பி: அப்ப பஸ்ஸ திருப்பு.
கண்டக்டர்: சண்டை வேணாம். மகாமகக் குளத்துல எறங்கிக்குங்க, அது ரெண்டு பேருக்கும் பொது.

எனக்கு பயங்கர திருப்தி. இத ஒரு பெரியவருகிட்ட குடுத்தேன், அவரு சிரிச்சுக்கிட்டே வந்தவரு கடைசி வரில நின்னுட்டாரு. "பொதுவா? மகாமகத்தப்ப சிவன் கோயில் சாமிங்கதான் குளத்துக்கு வரும், பெருமாள் கோயில்காரங்களுக்கு தீர்த்தவாரி காவிரில சக்கரப்படித்துறைல. 2016ல நீ எங்க இருந்த?"ன்னாரு. நான் கூட்டத்துக்கு பயந்து வீட்ல இருந்தேன், அத சொல்லல.

எரிச்சலாத்தான் இருந்துச்சு, மூணு நிமிஷ காமெடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியான்னு. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா, அவரு சொன்னது தப்பு திருத்தம் இல்ல, அது நம்பியோட அடுத்த டயலாக்கு. அப்படியே எடுத்து போட்டேன்:

நம்பி: பொதுவா? எங்க பெருமாளுக்கு தீர்த்தவாரி சக்கரப்படித்துறைலய்யா!
கண்டக்டர்: அது அடுத்த ஸ்டேஜு. ரெண்டு ரூவா சேத்து குடுங்க.

இதுக்கு முன்னாடி இருந்த முடிவு எனக்கு ஞாபகத்துக்கே வர்றதில்ல இப்ப. பாத்திரத்துக்கு கோவம் வர்ற மாதிரி ஒரு தப்ப வாசகர் காட்டுனாருன்னா அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த பாத்திரத்துகிட்டயே அந்தக் கோவத்த குடுத்துப் பாருங்க.

"அந்தக் காலத்துல ஏதுப்பா அது?"

இத மட்டும் ரெண்டா பிரிக்கணும். வேணும்னே செஞ்சதா, தெரியாம செஞ்சதா.

டவுன் பஸ், டோக்கன், டிகிரி காப்பி இதெல்லாம் வேணும்னே செய்யுறது. பெருசா, பளிச்சுன்னு, முதல் வரிலயே தெரியுற மாதிரி வச்சா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க, சோழர் காலத்துல பஸ்ஸு ஏதுன்னு இதுவரைக்கும் என்கிட்ட ஒரு ஆளு கேட்டதில்ல. மாட்டுறதெல்லாம் தெரியாம நுழைஞ்ச சின்ன சின்ன சாமான்தான். முதல் இடம் பெரிய கோயிலுக்கு. வந்தியத்தேவன் தஞ்சாவூர் வந்து பெரிய கோயில் கோபுரத்த அண்ணாந்து பாத்தான்னு எழுதிருவாங்க, கதை நடக்குறது சுந்தர சோழர் காலம், கோயில் முடிஞ்சது 1010ல, கட்டப்போற அருள்மொழி கதைல இன்னும் இளவரசன், ராஜராஜன்னு பேரே வரல. அடுத்தது அடுக்களை. பச்சை மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாமே அமெரிக்கா கண்டத்து சரக்கு, போர்ச்சுக்கீசியன் கப்பல் வந்ததுக்கு அப்புறம் இங்க வந்தது, சோழன் வீட்டு குழம்புல மிளகுதான். அரண்மனை சமையக்காரன் தக்காளி ரசம் வைக்கிறான்னு சும்மா எழுதுனா தப்பு. "தக்காளின்னா என்ன மன்னா?"ன்னு அவன் முழிச்சா ஜோக்கு.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அது சரித்திரமே இல்ல, மண்ணு. மேல குதிரைக்கு புல்லே கெடைக்கலன்னு எழுதுனேன்ல, அத வடவாறு பாசனத்துல நடவு பண்ற ஒரு அண்ணன்கிட்ட காட்டுனேன். சிரிச்சாரு. சிரிச்சுட்டு "ஏம்பா, கதை ஆரம்பிக்கிறதே ஆடிப்பதினெட்டுல, ஏரி கடல் மாதிரி கெடக்குன்னு கல்கியே எழுதிருக்காரு, ஏரிக்கரைல புல்லு இல்லன்னா எங்க மாட்டுக்கு யாரு பதில் சொல்றது"ன்னாரு. நியாயம். வரிய மாத்துனேன்.

வந்தியத்தேவன்: வழியெல்லாம் புல்லு ஒரே ஈரம் தேவி. குதிரை காஞ்சதா ஏதாவது கேட்டுச்சு.

இது முன்னத விட நல்லாருக்குன்னு எங்க அத்தையும் சொன்னாங்க, காப்பி சாப்புடுறியான்னு கேக்கல, அதனால நம்புறேன்.

"ராஜாவ கிண்டல் பண்றியா நீ?"

இது வரும், தஞ்சாவூர்ல ராஜராஜன் பொறந்த ஐப்பசி சதயத்துக்கு அவரு சிலைக்கு மாலை போட போற ஆளுங்ககிட்ட குடுத்தா கட்டாயம் வரும். உடனே வாதாடாதீங்க, ஜோக்கு யாரு தலைல விழுதுன்னு மட்டும் பாருங்க. அதிகாரத்துல இருக்குறவன் தடுக்கி விழுந்தா சிரிக்கலாம், ராஜா டோக்கன் இல்லாம நின்னா இன்னும் சிரிக்கலாம், ஆனா அவன் என்ன ஆளு, எந்த சனம்ங்குறத வச்சு ஒரு வரி இருந்தா கேள்வியே இல்லாம தூக்கிருங்க, எவ்வளவு சிரிப்பு வந்தாலும். அந்த சிரிப்பு நம்மளுது இல்ல. அப்படி ஒண்ணும் இல்ல, அவருக்கு ராஜான்னாலே கும்பிடணும்னா அவரு நம்ம வாசகர் இல்ல, விட்டுருங்க.

"இன்னும் நீளமா எழுதலாமே"

பெரும்பாலும் பாராட்டு. நன்றி சொல்லிட்டு எழுதாதீங்க.

"சப்புன்னு முடிஞ்சிருச்சு"

ஒரு தாள எடுத்து கீழ்லேந்து ஒவ்வொரு வரியா மூடிக்கிட்டே மேல வாங்க, எந்த இடத்துல நிறுத்துனா இன்னும் கொஞ்சம் வேணும்போல இருக்கோ அங்கதான் உங்க நாடகம் உண்மைல முடிஞ்சிருக்கு. எனக்கு எப்பவும் மூணு வரி மேல முடியும். "(அனைவரும் சிரிக்கிறார்கள். திரை.)"ங்குறத மேடைக்கு எழுதுனாலும் போடாதீங்க, மேடைல சிரிக்கிறவன பாத்து கீழ ஒருத்தனும் சிரிச்சதில்ல.

ஒருத்தர் ஒண்ணு சொல்றாரு, இன்னொருத்தர் நேர் எதிரா சொல்றாரு

ரெண்டு பேரும் சொன்ன தீர்வ தூர வச்சுட்டு எந்த வரிய சொன்னாங்கன்னு பாருங்க. ஒருத்தர் அந்த வரி வேணாங்குறாரு, இன்னொருத்தர் அதையே பெருசாக்குங்குறாரு, அப்ப அந்த வரி பாதி வெந்துருக்குன்னு அர்த்தம். வாசகர் குடுக்குற மாத்து ஜோக்கு பத்துல ஒம்பது மட்டமா இருக்கும், ஆனா அவரு விரல் வச்ச இடம் பத்துல ஒம்பது சரியா இருக்கும். இதுல ஒரே ஒரு கட்டுப்பாடு, விளக்கம் சொல்லக்கூடாது. நான் ஒரு தடவ காவிரி படித்துறைல உக்காந்து ஒரு நண்பனுக்கு ஜோக்க பத்து நிமிஷம் விளக்குனேன், புரிஞ்சுச்சுன்னு தலைய ஆட்டுனான், அதுக்கப்புறம் நான் எத எழுதிக் குடுத்தாலும் படிக்கிறதுக்கு முன்னாடியே புரிஞ்சுச்சுங்குறான். பேனா எடுத்து அவங்க சொல்றத அவங்க வார்த்தைலயே குறிச்சுக்கங்க, "எந்த வரில?"ன்னு மட்டும் கேளுங்க, ஒரு நாள் விட்டு திருத்துங்க. நம்பிய காதலிக்க விடு, நந்தினிய நல்லவளாக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, அவங்க கேக்குறது வேற நாடகம், அத அவங்களையே எழுதச் சொல்லுங்க, சில பேரு எழுதிருக்காங்க, ஒண்ணு ரெண்டு நல்லாவே வந்துருக்கு.

உங்க ஜோக்க உங்ககிட்டயே ஒருத்தர் வந்து சொல்றாரு

இந்த அறிகுறி எனக்கு ஒரே ஒரு தடவதான் வந்துருக்கு. அந்த டோக்கன் நாடகத்துக்கு நான் வச்ச முடிவு இது:

வந்தியத்தேவன்: நான் வரப்போறது ஜோசியருக்கே தெரிஞ்சிருக்குமே?
சிஷ்யன்: தெரியும். அதான் பின்வாசல் வழியா போயிட்டாரு.

ஓரளவு சிரிச்சாங்க, நானும் அதோட விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு பாபநாசம் பக்கத்துல ஒரு டீக்கடைல நிக்கிறேன், டீ ஆத்துற அண்ணன் பக்கத்துல இருந்தவருகிட்ட எங்கயோ கேட்ட கதைன்னு இதையே சொல்லிக்கிட்டு இருக்காரு, வந்தியத்தேவனுக்கு பதிலா வட்டிக்கடைக்காரன், ஜோசியருக்கு பதிலா கடன் வாங்குன ஆளு, எல்லாம் மாறிப் போச்சு, டோக்கன் மட்டும் அப்படியே இருக்கு. நான் எழுதுனதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கடைசி வரிய சொல்லிட்டாரு.

"தெரியும்ணே. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்ச உடனே கொல்லப்பக்கம் போயிட்டாரு."

கடையே சிரிச்சுச்சு. பின்வாசல்னா தப்பிச்சு போனது மட்டும்தான், கொல்லப்பக்கம்னா எங்க ஊர்ல தப்பிச்சும் போவலாம், வயித்த கலக்கியும் போவலாம். டீக்கு காசு குடுத்துட்டு பேசாம வந்து அந்த ஒரு வார்த்தைய மாத்துனேன்.